நாற்பத்தொரு லிஃப்டும் ஒரு எண்ணும்

எங்கள் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தால், யாரோ ஒருவர் எங்கேயோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் நாற்பத்தொரு லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் மணிப் படம் போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால், லிஃப்டின் கூரைமேல் இருக்கும் சின்னப் பெட்டி தானாகவே எங்கள் வீட்டு எண்ணை அழைக்கும். அப்பா முப்பது வருடத்துக்கு முன்னால் தொழில் தொடங்கியபோது வாங்கிய எண் அது.

ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அந்தத் தொலைபேசி என் வேலையானது. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முகங்கள் இருக்கும் இடத்தில் பேச்சு வராது. முகம் இல்லாத குரலிடம் மட்டும் எப்படியோ வந்துவிடும். "பயப்படாதீங்கன்னு மட்டும் சொல்லிடாத குட்டி, அதுவரைக்கும் பயப்படாதவங்களும் பயந்துடுவாங்க" என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். நான் எந்தக் கட்டடம், எந்த மாடி என்று கேட்பேன். பிறகு அப்பா போய்ச் சேரும்வரை ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். ஒரு பல் டாக்டர் தன் மாமியாரைப் பற்றி இருபது நிமிடம் சொன்னார். ஒரு பையன் பதினேழாம் வாய்ப்பாடுவரை ஒப்பித்தான்.

"முன்னாடி நின்னா ஊமைக்கோட்டான், போன்ல மட்டும் வானொலி" என்பாள் அண்ணி.

மாற்றம் அண்ணியால்தான் வந்தது. அவள் வீட்டிலிருந்தே கட்டட வரைபடங்கள் போடுகிறவள். பெரிய பெரிய படங்களை அனுப்ப வேண்டும். எங்கள் பழைய செப்புக் கம்பி இணையம் அதற்குத் தாங்காது.

"ஒரு படத்தை அனுப்பக் குடுத்துட்டு, மாமா, நான் ஒரு பிள்ளையைப் பெத்துப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டு வந்துடலாம். அப்பவும் பாதிதான் போயிருக்கும்."

"முதல்ல அதைச் செய்யும்மா" என்றார் அப்பா. அண்ணி அவர் முன்னால் மரியாதைக்காக ஒரு நொடி வெட்கப்பட்டுவிட்டு, புதுக் கம்பெனிக்குப் போன் செய்தாள். கண்ணாடி இழை இணைப்பு. பழைய எண்ணையே புது இணைப்புக்குக் கொண்டுவந்துவிடலாம், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், புதன்கிழமை ஆள் வருவார் என்றார்கள்.

நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம் என்பதை அப்பாவிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

அப்பாவின் தொழிலில் ஒரு விதி உண்டு. எந்த வேலையைத் தொடும் முன்பும் மெயின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டித்து, அதன்மேல் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாத ஒருவருக்கு மூன்று விரல் போனதை அப்பா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். "பழசுல உயிர் இருக்கறப்ப புதுசைத் தொடாதே" என்பது அவர் வாயில் நூறு முறை வந்த வாக்கியம். ஆகவே திங்கட்கிழமை காலை, புதன்கிழமை வேலைக்குத் தயாராக, அவர் பழைய கம்பெனிக்குப் போன் செய்து எங்கள் இணைப்பை முறையாக மூடிவிட்டார். முன்யோசனையோடு ஒரு காரியம் செய்த நிம்மதியில் வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

திங்கள் மாலையும் செவ்வாயும் மணி அடிக்கவே இல்லை. நல்ல வாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை இழைக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். தோளில் பெரிய வளையமாகச் சுற்றிய கறுப்பு ஒயர். அதன் தோலை உரித்து உரித்து, கடைசியில் உள்ளேயிருந்து ஒன்றை எடுத்தார். அது என் தலைமுடியைவிட மெலிதாக இருந்தது.

"இதுதாம்மா கண்ணாடி" என்றார்.

கண்ணாடி வளையும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் தெருமுனைக் கம்பத்தில் தன் உதவியாளை நிறுத்தி, பேனா மாதிரி ஒரு கருவியால் அங்கிருந்து சிவப்பு வெளிச்சம் விடச் சொன்னார். "நேரா பாக்காதீங்க, சுவத்துல பாருங்க" என்று இழையின் நுனியைச் சுவரின் பக்கம் திருப்பினார். எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. தெருமுனையிலிருந்து, பதினோரு வீட்டையும் ஒரு வேப்பமரத்தையும் தாண்டி, இரண்டு மூலைகள் திரும்பி வந்த வெளிச்சம். வழியில் எங்கும் சிந்தாமல் வந்திருந்தது. நான் அந்தப் பொட்டின் மேல் விரலை வைத்தேன். அது என் நகத்தின் மேல் ஏறிக்கொண்டது.

"இன்னொண்ணு சொல்லிடறேன். பழைய ஒயர்ல கரண்ட் அதுலயே வந்துடும். இது அப்படியில்ல. வீட்டுல கரண்ட் போனா நான் மாட்டற பெட்டியும் போயிடும், போனும் போயிடும்."

"கரண்ட் போறப்பதான்யா லிஃப்டே நிக்கும்!" என்று அப்பா பதறினார்.

"அப்ப பேட்டரி வெச்சுடலாம்" என்று அவர் சிரித்தார். "சரி, பழைய லைன் உயிரோடதானே இருக்கு? நம்பரை மாத்தக் குடுத்துடறேன்."

"அதெல்லாம் திங்கக்கிழமையே கட் பண்ணிட்டேன்" என்றார் அப்பா. பாராட்டு வரும் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தார்.

இழைக்காரரின் கை நின்றது.

"ஐயோ சார். அதை மட்டும் பண்ணியிருக்கக் கூடாதே."

உயிரோடு இருக்கும் எண்ணைத்தான் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்று கேட்டு வாங்க முடியும் என்று அவர் விளக்கினார். மூடிய எண் யாருடையதும் இல்லை. தன் கைபேசியிலிருந்து எங்கள் எண்ணை அழைத்து எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தார். ஒரு பெண் குரல், கோபமோ வருத்தமோ இல்லாமல், "நீங்கள் அழைத்த எண் பயன்பாட்டில் இல்லை" என்றது.

அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நாப்பத்தொண்ணு" என்றார். இரண்டு நாளாக நாற்பத்தொரு லிஃப்டுகளில் யார் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் அந்தப் பெண்தான் பேசியிருப்பாள்.

"நம்பர் அந்த ஒயர்ல இல்லையா?"

கேட்டது நான்தான். முன்பின் தெரியாத மனிதர் முகத்தைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி. அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"ஒயர்ல ஒண்ணுமே இல்லம்மா" என்றார் இழைக்காரர். "நம்பர்ங்கறது எங்கேயோ ஒரு பதிவுல ஒரு வரி. அவ்வளவுதான். யாராவது கூப்பிட்டா, மெஷின் அந்தப் பதிவைக் கேக்கும், இந்த நம்பர் இப்ப எங்க குடியிருக்குன்னு. பதில் வரும். நீ கண்ணை இமைக்கறதுக்குள்ள இது முடிஞ்சிடும். ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு நம்பருக்கும்."

"இப்ப எங்க வரி?"

"முப்பது நாள் ஓரமா ஒதுக்கி வெச்சிருப்பாங்க. அதுக்குள்ள கேட்டா குடுப்பாங்க. இல்லன்னா வேற யாருக்காவது போயிடும்."

அண்ணி கேட்டாள். அந்த மதியத்திலிருந்து மறுநாள் சாயங்காலம்வரை, இரண்டு கம்பெனிகளின் காத்திருப்பு இசையையும் மாறி மாறிக் கேட்டு, ஒன்பது பேரிடம் ஒரே கதையைச் சொன்னாள். ஒன்பதாவது ஆள், அடுத்த வெள்ளிக்கிழமை எண் எங்கள் புதுப் பெட்டிக்கு வந்துவிடும் என்று எழுத்தில் கொடுத்தார்.

அதுவரை எட்டு நாள். அப்பா மெலிந்துபோய்விட்டது போலத் தெரிந்தார். லிஃப்டுப் பெட்டிகளில் எண்ணை மாற்றலாம், ஆனால் ஒவ்வொன்றாகப் போய்த்தான் மாற்ற வேண்டும். மேலே நின்று எண்ணை மாற்ற ஒருவர், உள்ளே பொத்தானை அழுத்திச் சோதிக்க ஒருவர். அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். அப்பா என்னைப் பார்த்தார்.

"உள்ள நின்னு அமுக்கணும், அவ்வளவுதான் குட்டி. யார்கிட்டயும் பேச வேணாம்."

இப்படித்தான் நான் என் லிஃப்டுகளை முதல்முறையாகப் பார்த்தேன். எத்தனையோ வருடமாகக் குரலாக மட்டும் தெரிந்த இடங்கள். பல் டாக்டர் நின்றது இந்தக் கீறல் விழுந்த கண்ணாடியின் முன்னால். பையன் வாய்ப்பாடு சொன்னது இந்த மூலையில். ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் அப்பா என்னை உச்சியில் இருக்கும் இயந்திர அறைக்குக் கூட்டிப்போய், கம்பிவடம் இறங்கும் துளை வழியாகக் கீழே டார்ச் அடித்துக் காட்டினார். வெளிச்சம் அடிவரை போகவில்லை. வடங்கள் ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தன. பிறகு இருட்டிலிருந்து, லிஃப்டுக்கு ஈடாக வடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை, ஒரு கதவளவு இரும்பு, அவசரமே இல்லாமல் எங்களை நோக்கி மேலே வந்து நின்றது. நான் பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் இதற்குள்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் இவ்வளவு வெற்றிடம் இருந்ததை அவர்களும் அறியவில்லை, நானும் அறியவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் நாற்பது லிஃப்டுகள் அண்ணியின் கைபேசிக்கு மாறிவிட்டன. "நாப்பது பேரும் இப்ப என் மடியில" என்று அவள் குளியலறைக்கும் போனை எடுத்துக்கொண்டு போனாள்.

நாற்பத்தோராவது மாறவில்லை. அது ஆவணக் கிடங்கு ஒன்றின் லிஃப்டு. எட்டு மாடி, முழுக்க அட்டைப் பெட்டிகளில் பழைய கோப்புகள். அந்த லிஃப்டின் அழைப்புப் பெட்டி மிகப் பழைய மாடல். அதைத் தயாரித்தபோதே எங்கள் எண்ணை உள்ளே பதித்துவிட்டார்கள், மாற்ற வழியில்லை. புதுப் பெட்டி வர மூன்று வாரம். அதுவரை லிஃப்டை நிறுத்திவிடலாம் என்று அப்பா சொன்னதற்குக் கட்டட முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. பகலில் ஆட்கள் இருக்கிறார்கள், கத்தினால் கேட்கும் என்றார்.

"காலையில?" என்றேன் நான் அப்பாவிடம்.

காலை ஆறு மணிக்கு அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருப்பாள். துப்புரவு வேலை செய்யும் பெண். ஒன்பதரைக்கு ஆட்கள் வரும்வரை வெளிக்கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு மாடி மாடியாகத் துடைப்பவள். மூன்று முறை அந்த லிஃப்டில் மாட்டியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் வாளித் தண்ணீர் சிந்தும் ஓசை பின்னால் கேட்கும் என்பதால் அவளை நான் மனதுக்குள் வாளி அக்கா என்று வைத்திருந்தேன். பெயர் கேட்டதில்லை.

புதன்கிழமை விடிந்தும் விடியாமல் நானும் அப்பாவும் கிடங்கு வாசலில் நின்றோம். உயரமான பெண் ஒருத்தி, ஒரு கையில் இரண்டு வாளிகளும் மறு கையில் சாவிக்கொத்துமாக வந்தாள்.

"யாருங்க நீங்க? கிடங்கு ஒன்பதரைக்குத்தான்."

அதே குரல். அப்பா பேச வாயெடுப்பதற்குள் நான் "அக்கா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "லிஃப்டு அம்மாவா? ஐயையோ, நீயா? உனக்கு அம்பது வயசிருக்கும்னுல்ல நினைச்சிருந்தேன்! நல்லா குண்டா, மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு... நீ என்னடி இப்படி வத்தல் மாதிரி இருக்கே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு பேச்சும் வந்தது. எண் போன கதையைச் சொன்னேன். உள்ளே கைபேசி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "இந்தக் கட்டடத்துக்குள்ளயா? வாசப்படி தாண்டினாலே சிக்னல் செத்துடும் கண்ணு" என்றாள்.

"வெள்ளிக்கிழமை நம்பர் வந்துடும்க்கா. அதுவரைக்கும் படியிலயே போங்க."

"எட்டு மாடி! சரி போ. நீ சொன்னா சரி."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணியின் கைபேசிக்குப் புதுக் கம்பெனியின் செய்தி வந்தது. அவள் அதை உற்சாகமாகப் படித்தாள்: "உங்கள் எண் இன்று காலை எட்டு முதல் மாலை ஆறு மணிக்குள் எந்த நேரத்திலும் செயல்படத் தொடங்கும்."

கைபேசியை அவளிடமிருந்து வாங்கி நான் மறுபடி படித்தேன்.

"அப்பா, அந்த அக்காகிட்ட நான் வெள்ளிக்கிழமைன்னுதான் சொன்னேன். எத்தனை மணின்னு சொல்லலை."

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார். அரைமணியில் கிடங்கிலிருந்து போன் செய்தார். இரும்பு ஷட்டர் உள்ளிருந்து பூட்டியிருந்தது. தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. பதில் இல்லை. "எட்டாவது மாடியில துடைச்சிட்டிருந்தாலும் இது கேக்காது. லிஃப்டுல இருந்தாலும் கேக்காது. முதலாளிக்குப் போன் பண்ணினேன். அவ தினமும் இப்படித்தான் உள்ள இருப்பா, ஷட்டரை உடைச்சீன்னா நீதான் பதில் சொல்லணுங்கறார். உள்ள மாட்டிக்கிட்டான்னு தெரிஞ்சா உடைச்சிடுவேன். தெரியணுமே குட்டி."

தெரிவதற்கு ஒரே வழி எங்கள் கூடத்து மேசையில் இருந்தது. இழைக்காரர் வைத்துவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி. அதில் வரிசையாக விளக்குகள். மூன்று பச்சையாக எரிந்தன. தொலைபேசிப் படம் போட்ட நான்காவது எரியவில்லை. பழைய தொலைபேசியின் ஒயரை அதில்தான் செருகியிருந்தோம். அண்ணி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் எண்ணை அழைத்தாள். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் அதே வாக்கியத்தை அதே நிதானத்தோடு சொன்னாள்.

எட்டு அடித்தது. எட்டே கால். எட்டரை.

"வாயை மூடுடி" என்று அண்ணி அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, கைபேசியை மேசையில் வைத்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

எட்டு மணி நாற்பத்தேழு நிமிடத்துக்கு நான்காவது விளக்கு எரிந்தது.

ஓசை எதுவும் இல்லை. ஒரு முறை துடித்தது, பிறகு மற்ற மூன்றைப் போலவே பச்சையாக நின்றது. நான் அண்ணியின் தோளைத் தொட்டேன். அவள் நிமிர்வதற்குள் மணி அடித்தது. அவள் கைபேசி மேசைமேல் தொடாமல் கிடந்தது. அப்பா கிடங்கு வாசலிலிருந்து அழைப்பதென்றால் அண்ணிக்குத்தான் அழைப்பார்.

எடுத்தேன்.

"யாரு? கண்ணு, நீயா?"

"அக்கா! எந்த மாடி?"

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல." குரல் கரகரத்துப் போயிருந்தது. "ஆறரைக்கு நின்னுச்சு. முப்பத்திரண்டு தடவை அமுக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும் எவளோ ஒருத்தி நம்பரே இல்லைங்கறா. அதெப்படிடி இல்லாம போகும், அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருக்குன்னு நான் அவகிட்ட சண்டையே போட்டேன்."

அண்ணி அதற்குள் அப்பாவைப் பிடித்துவிட்டாள். "உடைங்க மாமா! லிஃப்டுலதான் இருக்காங்க, உடைங்க!"

"என் தப்புக்கா" என்றேன். "மணி சொல்லாம விட்டுட்டேன். நீங்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல..."

"அழறியா? அழாதே. மாட்டிக்கிட்டது நானு." பிறகு மெல்ல, "இப்பதான் வந்துட்டியே" என்றாள்.

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. முகம் தெரிந்ததால் அல்ல. முப்பத்தொன்றாவது முறை அழுத்தியபோது நான் உலகத்தில் இல்லை. முப்பத்திரண்டாவது முறை இருக்கிறேன். நடுவே, நான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஏதோ ஓர் அறையில், ஏதோ ஒரு பதிவில், ஒரு வரி மாறியிருக்கிறது. அவள் விரல் பொத்தானில் பட்டதும், கோப்புகளுக்கு நடுவே நின்றுபோன அந்த இரும்புக் கூண்டிலிருந்து அழைப்பு கிளம்பி, எந்திரத்திடம் போய், இந்த எண் இப்போது எங்கே குடியிருக்கிறது என்று கேட்டிருக்கிறது. வெளிச்சத்தில், என்று அது சொல்லியிருக்கிறது. பதினோரு வீட்டையும் வேப்பமரத்தையும் தாண்டி, தலைமுடியைவிட மெலிந்த கண்ணாடிக்குள், ஒரு பெண்ணின் கரகரத்த குரல் எங்கும் சிந்தாமல் வந்து என் காதில் இருக்கிறது. இத்தனையும் இமைக்கும் நேரத்தில். இதே நேரத்தில் இன்னும் எத்தனை லட்சம் பேரை இது இப்படிக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும்!

"இருக்கியா?" என்றாள் அவள்.

"இருக்கேன்க்கா."

தூரத்தில் இரும்பு கிழியும் ஓசை. அவளுக்கும் கேட்டது, அவள் வழியாக எனக்கும் கேட்டது. நாங்கள் இருவரும் கவனித்தோம். அப்பா எட்டு மாடி ஏற வேண்டும். மெயினைத் துண்டிக்க வேண்டும். பூட்டுப் போட வேண்டும். பிறகுதான் கையால் சக்கரத்தைத் திருப்புவார். மெயின் போனாலும் பொத்தான் பெட்டி தன் பேட்டரியில் பேசும் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். மாடிகளை மனதுக்குள் ஏறினேன்.

"விளக்கு போயிடுச்சு" என்றாள் அவள் திடீரென்று.

"அப்பாதான்க்கா. இப்ப நகரும் பாருங்க."

நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு வாளியில் தண்ணீர் ஆடியது.

"நகருது கண்ணு. ஆமா. மூணுன்னு எழுதியிருக்கு. பாதி மூணு தெரியுது... முழு மூணு."

கதவை யாரோ பிரித்தார்கள். பிறகு அப்பாவின் மூச்சிரைப்பு மிக அருகில் கேட்டது. "மன்னிச்சிடும்மா" என்றார். வேறு பேச்சு வரவில்லை அவருக்கு. அந்த நிமிடத்தில் அவர் என் அப்பா என்பதில் சந்தேகமே இல்லை.

"அதெல்லாம் அப்புறம். வழிய விடுங்க, எனக்கு அவசரமா ஒண்ணுக்குப் போகணும்" என்றாள் வாளி அக்கா. அவள் ஓடும் சத்தம் படிக்கட்டில் தேய்ந்தது.

அப்பா சிரித்தாரா அழுதாரா என்று கண்டுபிடிக்க நான் காதை அழுத்தி வைத்துக்கொண்டு நின்றேன்.

"வைடி போனை" என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வேற யாராவது கூப்பிடப் போறாங்க."

வைத்தேன்.